ப-வுக்கு உப்பும் கன்னம்

கூடத்து பல்பு முந்தின நாளே போய்விட்டிருந்தது. காலையில் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, பழைய பல்பைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், என்ன நினைத்தாரோ, தலையை மட்டும் உள்ளே நீட்டி ஏதோ சொன்னார். ஒரே ஒரு சொல். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. உதடு மூடித் திறந்தது தெரிந்தது, கன்னம் தெரியவில்லை. 'பாத்து' என்றாரா, 'மாத்து' என்றாரா? ஸ்டூலில் நிற்பவளிடம் இரண்டில் எதைச் சொன்னாலும் பொருந்தும். அவளும் பொத்தாம்பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தாள். அவர் போய்விட்டார். அவள் புது பல்பை மாட்டி, சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவளுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது இரண்டு காதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தனக்கே தெரியாததால், கணவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் குழந்தையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் கூடிவிட்டது, இறக்கு என்று அர்த்தம். கடைத்தெருவில் நின்று அவர் அப்படித் தட்டுவதைப் பார்ப்பவர்கள், பொண்டாட்டியைச் சமாதானப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

உதட்டைப் பார்த்துப் படிக்க அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். ஓர் அச்சகத்துக்குப் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறவள் அவள். பிழை பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தக் கண் உதட்டுக்கும் உதவியது. ஆனால் ப-வும் ம-வும் மட்டும் அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்தன. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். அம்மா என்றாலும் அப்பா என்றாலும் பார்ப்பதற்கு ஒன்றுதான். ஒருமுறை அவர், "நாளைக்கு அப்பா வராங்க" என்றார். அவள் மாமியார்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துடைத்தாள். மாமியார் ஜன்னல் விளிம்பில் விரலால் தேய்த்துப் பார்க்கிற ரகம். மறுநாள் வந்து இறங்கியவரோ மாமனார். கண்ணாடி இல்லாவிட்டால் ஜன்னலே தெரியாது அவருக்கு.

அன்றைக்குக் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ப வரும்போதெல்லாம் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்திருப்பவர்போலக் கன்னத்தை லேசாக உப்பிக் காட்டுவார். ம-வுக்கு உப்பமாட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சொல்லும் தப்பவில்லை. யாருக்காகக் குரல் என்று அவர் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவதையே விட்டுவிட்டார். வெறும் வாயசைப்பு. பக்கத்து வீட்டுக்காரி நாத்தனாரிடம் ரகசியமாகக் கேட்டாளாம்: "உங்க அண்ணனும் அண்ணியும் முகம் குடுத்துப் பேசிக்கறதே இல்லையோ?"

"முகத்தைக் குடுத்துத்தான் பேசிக்கறாங்க" என்றாளாம் நாத்தனார்.

அவர் வேலையும் வாய்தான். பல வருஷம் கார்ட்டூன் நரிகளுக்கும் குரங்குகளுக்கும் வாயசைவு வரைந்தார். பிறகு வேறொரு வேலை வந்தது. எழுத்தைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதைத் தானே பேசும். அந்தப் பேச்சுக்குத் தக்கபடி திரையில் ஒரு பெண்முகம் வாயசைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பேரைக் கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருப்பவர்கள், அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரிலிருந்து எல்லோருக்கும் யோசனை சொல்லப்போகிறவள் என்பதால் ஆபீஸில் அந்த முகத்துக்கு அத்தை என்று பெயர் விழுந்தது.

கம்ப்யூட்டர் குரலைப் பார்த்துக்கொண்டவருக்குச் சத்தம் என்று பட்டப்பெயர். இவர் வாய். "வாய் வந்தாச்சு, சத்தத்தைக் காணோம்" என்று ஆபீஸே சிரிக்கும். சத்தம் பெயருக்கு நேர்மாறு. வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் அவளுக்குப் பயனில்லை. உதட்டை முழுக்க மூடிய ஒரு மீசை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள், "மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டுப் பேசுங்க தம்பி" என்பாள். அவர் வெட்கப்பட்டு, சொல்ல வந்ததைக் கணவரிடமே சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"அவன் மெஷின் மூச்சே விடாம பேசுது" என்று கணவர் வந்து புலம்புவார். "மனுஷன் பேசறதுக்கு முன்னாடி வாயைத் தெறந்து துளி காத்து இழுப்பான்ல? அது இல்லன்னா பாக்கறவங்க எப்படித் தயாராவாங்க? வாய் முந்தணும், சத்தம் கொஞ்சம் பிந்தணும். மாறிப்போச்சுன்னா பொம்மலாட்டம்."

முகத்துக்கு வேண்டிய வாயை யாரிடமிருந்து எடுப்பது என்று முதலில் குழப்பம். யாரை உட்கார வைத்தாலும் கேமராவைக் கண்டதும் வாயைக் கோணிக்கொள்கிறார்கள். கடைசியில் அவரே கேமராவின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வோர் ஓசைக்கும் தன் வாயைப் படமெடுத்து அத்தைக்குப் பொருத்தினார்.

"பொம்பளை முகத்துல உங்க வாயா? விளங்கிடும்."

"மீசையை எடுத்துட்டா எல்லா வாயும் ஒண்ணுதான்."

"எனக்குக் காட்டுங்களேன்."

"முடியட்டும். முடிஞ்சதும் நீதான் முதல்ல பாக்கணும்."

பல்பு மாற்றிய அன்று, மதியத்துக்கு முன்பே வாசல் விளக்கு மினுங்கியது. அழைப்புமணிக்குப் பதிலாக அவர் செய்துவைத்திருந்த ஏற்பாடு அது. கதவைத் திறந்தால் சத்தம் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"என்ன தம்பி? எதையாவது மறந்துட்டு வந்துட்டாரா?"

மீசை அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

"மீசை மட்டுந்தான் தெரியுது. ஒதுக்கிக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள், வழக்கமான கேலியோடு.

இந்தத் தடவை அவர் வெட்கப்படவில்லை. இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் போயிட்டாரு அண்ணி."

அதை அவள் எழுத்துப் பிசகாமல் படித்தாள்.

"ஆமா, காலையிலயே போயிட்டாரே. அங்க வந்து சேரலையா?"

அவர் அவளையே பார்த்தார். கண்ணீர் இறங்கி மீசையைப் பிடித்திருந்த விரல் வரைக்கும் வந்தது. வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"செத்துட்டாரு."

அந்தச் சொல்லில் உதடு எங்கேயும் ஒட்டவில்லை. தப்பாகப் படிக்க அதில் இடமே இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போயிருந்தது உயிர். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பப் போய்த்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு வந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள். அழுகிற வாயைப் படிக்க முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உதடு தன் இஷ்டத்துக்குக் கோணுகிறது, சொல் உள்ளே உடைந்துபோகிறது. அழாதவர்களோ, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டோ முதுகைக் காட்டிக்கொண்டோ பேசினார்கள். அத்தனை பேர் இருந்தும் அவள் கைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. நாத்தனார் மட்டும் எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க", "தூங்குங்க" என்றாள். அந்த இரண்டும் படிக்காமலே தெரிகிற சொற்கள்.

கூட்டம் கலைந்து, நாத்தனார் மட்டும் துணைக்குத் தங்கியிருந்த ஒரு நாள் வாசல் விளக்கு மினுங்கியது. கதவைத் திறந்த நாத்தனாருக்கு வந்தவரை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் ஒரு கணம் பிடித்தது. சத்தம்தான். மீசை இல்லை. மேலுதடு மட்டும் வெயிலே காணாமல் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"ஐயய்யோ தம்பி, என்ன இது, பள்ளிக்கூடத்துக்குப் போற பையன் மாதிரி!"

"இனிமே உங்ககிட்ட எதையும் ரெண்டாந்தடவை சொல்ற மாதிரி வெச்சுக்கக் கூடாதுன்னு தோணுச்சு அண்ணி."

மீசையைப் பிடிக்காமல் அவர் பேசி அவள் முதன்முதலாகப் படித்தது அதுதான். அவருக்கு மெல்லிய உதடு, சொற்களை ஓரத்தில் நறுக்கி வைப்பதுபோலப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?" என்றாள் நாத்தனார்.

"யார் வேணும்னு கேட்டா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயமாக இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

அத்தை முடிந்துவிட்டதாம். "அண்ணன், நீங்கதான் முதல்ல பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. வரீங்களா?" என்றார் சத்தம்.

ஆபீஸில் கணவரின் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். நாற்காலி முதுகில் அவர் துண்டு இன்னும் தொங்கியது. திரையில் நாற்பது வயதுப் பெண்ணொருத்தியின் முகம், தலையை இழுத்துச் சீவி, ஊருக்கே பொதுவான ஒரு சாயல். சத்தம் எழுத்துகளைத் தட்டினார்.

அத்தை வாயைத் திறந்து துளி காற்று இழுத்தாள். அந்த இழுப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழுதட்டின் இடது ஓரம் முதலில் அசைகிறது. ற வரும்போது பல் துளி தெரிகிறது. அதோடு, கன்னம் உப்பியது.

'பத்தாம் அறைக்குப் போங்க.'

"சரிங்க" என்றாள் அவள்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று, பழக்கத்தில் அவள் பக்கவாட்டில் ஒரு கையைத் தேடினாள். தட்டிக் காட்ட அங்கே கை இல்லை.

அதிலிருந்து அவள் தினமும் போனாள். அத்தை பேசுவதைப் பார்த்துப் பிழை சொல்வது அவள் வேலை என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வராது. "வேற ஏதாவது பேசச் சொல்லுங்க தம்பி" என்பாள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். 'மழை வரும் போல இருக்கு' என்று தட்டுவார். 'பால் பொங்கிடப் போகுது' என்று தட்டுவார். அத்தை சொல்வாள். பால், பொங்கி, போகுது என்று கன்னம் மூன்று தரம் உப்பித் தணியும். "முகத்துல இப்பத்தான் கொஞ்சம் களை வந்திருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். "ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை?"

"வாயைப் பாத்துக்கிட்டு உட்காந்திருக்கற வேலை" என்றாள் அவள்.

பிறகு, காது கேளாத வேறு சிலரை வரவழைத்து அத்தையைக் காட்டினார்கள். கதவுகளில் எண்களை ஒட்டியிருந்தார்கள். அத்தை எந்த அறை என்கிறாளோ அங்கே போய் நிற்க வேண்டும். அவளும் அவர்களோடு உட்கார்ந்தாள். ஏழு, நாலு, மூணு எல்லாம் சரியாகப் போயிற்று. பத்து வந்ததும் பாதிப்பேர் எட்டாம் கதவுக்குப் போனார்கள். ப வருகிற இடமெல்லாம் இதே கதை. கன்னம் உப்புவதை அவர்கள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தம்மா பெருமூச்சு விடுகிறாள் என்று கண்ணைத் தளர்த்திவிடுகிறார்கள். அதற்குள் முதலெழுத்து போய்விடுகிறது. ப-வை உருவிவிட்டால் பத்தும் எட்டும் வாயில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாய்லர் அறையில் வேலை பார்த்துக் காதைத் தொலைத்த ஒரு பெரியவர் கோபமாகவே எழுந்துவிட்டார். "அந்தம்மா எதுக்கு என்னைப் பாத்தாலே சலிச்சுக்குது? நான் என்ன அது வீட்டுலயா வந்து தங்கிட்டேன்?"

அவள் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் சரி.

மற்றவர்கள் போனதும் சத்தம் எதிரில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு ஒண்ணுகூடத் தப்பலையே, அப்ப பொம்மை சரிதான், அவங்களுக்குத்தான் பழகலன்னு முதலாளி சொல்றாரு. நீங்க சரின்னு சொன்னா அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடும். எனக்குத்தான் எங்கயோ இடிக்குது. என் குரல்ல ஏதாவது கோளாறா அண்ணி? ப-வை நான் முந்திக்கிட்டு விட்டுடறேனா?"

"சரி இல்லன்னு சொன்னா?"

"வாயை முழுசா மாத்தணும். ப-வை மட்டும் எடுத்தா முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டாது. வேற ஆளை உட்கார வெச்சு மொத்தமும் புதுசா எடுக்கணும்."

"நாளைக்கு இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் தன் வாயைப் பார்த்து, 'பத்து' என்று சொல்லிப் பார்த்தாள். அவள் கன்னமும் உப்பியது. எப்போது தொற்றிக்கொண்டதோ. நாத்தனார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் மாதிரியே பண்றீங்க" என்றாள். அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தாள்.

சரி என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அந்த வாய் ஏதோவோர் ஆஸ்பத்திரிச் சுவரில் தினமும் பேசிக்கொண்டிருக்கும். போய் எதிரில் உட்கார்ந்தால் போதும். மற்றவர்களும் நாளடைவில் பழகிக்கொள்ளமாட்டார்களா என்ன? அவள் பழகவில்லையா?

மறுநாள் தையல்காரப் பெண்ணொருத்தி வந்திருந்தாள். தோளில் அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டவள். அத்தை அவளைப் பத்தாம் அறைக்குப் போகச் சொன்னாள். அவள் எட்டாம் கதவுக்குப் போனாள். அது வெறும் சாமான் அறை. தையல்காரி தட்டினாள். யாரும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து 'வாங்க' என்று சொல்லியிருப்பார்களோ, 'இருங்க' என்று சொல்லியிருப்பார்களோ என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் நின்றாள். யார் மேலும் கோபம் இல்லை. நாடாவின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக நின்றுகொண்டே இருந்தாள். மூடின கதவின் முன்னால் அப்படி நிற்பது எப்படிப்பட்டதென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். காய்ச்சல் போன புதிதில் ஊரிலுள்ள எல்லாக் கதவின் முன்னாலும் அவள் நின்றிருக்கிறாள்.

எழுந்து போய்த் தையல்காரியின் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள். பிறகு சத்தத்திடம் போனாள்.

"பிழை தம்பி."

"எது?"

"ப. உங்க குரல்ல ஒண்ணும் இல்ல. அது அவரோட கன்னம். எனக்கு ப-வும் ம-வும் குழம்புதுன்னு அவரு வீட்டுல பண்ணிக்கிட்ட ஏற்பாடு. பண்ணிப் பண்ணிப் பழக்கமாயிருக்கும், கேமரா முன்னாடியும் தன்னால வந்திருக்கும். அது எங்க வீட்டுப் பாஷை. ஊருக்கு ஆகாது."

சத்தம் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "என்கிட்டயும் அப்படித்தான் பேசுவாரு அண்ணி. நான் அவருக்கு ஏதோ பல்வலின்னு நெனச்சிட்டிருந்தேன்."

"மாத்திடுங்க."

"யாரை உட்கார வெக்கறது? கேமராவைப் பாத்தா எல்லாரும் கோணிக்கறாங்களே" என்றார்.

"உங்க வாய் சும்மாத்தானே இருக்கு. எனக்கு நல்லாவே தெரியுது."

"என் வாயா? பொம்பளை முகத்துலயா?"

"மீசையை எடுத்துட்டா எல்லா வாயும் ஒண்ணுதானாம்."

பழைய அத்தையை அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் கேட்டாள். 'பாத்து', 'மாத்து' என்று இரண்டு சொல்லையும் தட்டச் சொன்னாள். அத்தை சொன்னாள். ஒன்றுக்குக் கன்னம் உப்பியது, ஒன்றுக்கு உப்பவில்லை. குழந்தைக்கும் தெரியும்.

"வெளிச்சம் முகத்துக்குப் பின்னாலேருந்து வர மாதிரி பண்ண முடியுமா? கன்னம் இருட்டுல இருக்கணும்."

அவர் செய்தார். முகம் நிழலாகி, உதட்டின் விளிம்பு மட்டும் மிஞ்சியது.

"இப்ப ரெண்டுல எதையாவது ஒண்ணு தட்டுங்க. எதுன்னு சொல்லாதீங்க."

நிழலுக்குள் உதடு மூடித் திறந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"இன்னொரு தரம்."

மூடித் திறந்தது.

"தெரியல" என்றாள்.

"எதுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம். அன்னிக்கு நான் பல்பு மாட்டிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. விளக்கை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். "பழைய அத்தையை உங்களுக்கு ஒரு காப்பி எடுத்துத் தரேன் அண்ணி. வீட்டு கம்ப்யூட்டர்லயே பாக்கலாம்."

"நாம தட்டினதைத்தானே சொல்லும்?"

"ஆமா."

"அப்ப வேண்டாம் தம்பி."

சில மாதம் கழித்து, நாத்தனாரின் முழங்கால் வலிக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. கூடத்துச் சுவரில் அத்தை இருந்தாள். அதே தலைவாரல், அதே சாயல். வாய் மட்டும் சத்தத்தினுடையது. மெல்லிய உதடு, ஓரத்தில் துளி வெட்கம். பத்து என்றாள், கன்னம் தன்பாட்டுக்குக் கிடந்தது. ஒரு கிழவர் எழுந்து சரியாகப் பத்தாம் அறைக்குப் போனார். வாசலில் யாரோ ஒருவர் பின்னால், அம்மா என்றோ அப்பா என்றோ கூப்பிட்டுக்கொண்டு ஓடியது ஒரு குழந்தை. எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நம்ம அண்ணன் வேலைதானே இது?" என்றாள் நாத்தனார், திரையைப் பார்த்துக்கொண்டு.

"மூச்சு விடறது மட்டும் அவரு சொன்னது" என்றாள் அவள். அத்தை வாயைத் திறந்து துளி காற்று இழுத்து அடுத்த பேரைச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. நாத்தனாரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கூடத்து சுவிட்சைத் தட்டினாள். பல்பு எரிந்தது. அதை இன்னும் மாற்ற வேண்டி வரவில்லை.